முகாமில் பிறந்த பேரன்: ஒரு பிரஜாவுரிமைக் கோப்பு

2018 ஆகஸ்ட் 20ஆம் திகதி, ஜேர்மனியின் லான்ட்ஸ்டூல் நகரத்தில் இருக்கும் அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். அப்போது அமெரிக்க இராணுவத்தில் சார்ஜன்ட், அமெரிக்கப் பிரஜை. தாய்க்குச் சொந்த இடம் வெள்ளவத்தை, கையில் இலங்கைக் கடவுச்சீட்டு. பிரசவம் பார்த்த டொக்டர் அமெரிக்கர், தாதி அமெரிக்கர், ஆஸ்பத்திரி வாசலில் பறந்தது அமெரிக்கக் கொடி. அன்றைக்கு அந்தப் பிள்ளை எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டால், எந்த நாட்டுக்கும் இல்லை என்பதுதான் பதில்.

இந்தக் குடும்பம் மாதிரிக்காக நான் கட்டியது. அவர்களுடைய திகதிகளையும் கணக்குக்கு வசதியாக நானே வைத்தேன். சட்டங்கள், தீர்ப்புகள், அவை வந்த திகதிகள் எல்லாம் நிஜம். கொழும்பில் இப்படியான கோப்புகளோடு புழங்குகிறவர்களுக்கு, இதில் எந்தத் துண்டும் புதிதாக இருக்காது. ஒரே வீட்டில் எல்லாம் சேர்ந்து வருவதுதான் அபூர்வம்.

நாள் கணக்கு

தகப்பனுக்குக் கிரீன் கார்ட் லொட்டரி விழுந்தது. 2014 ஏப்ரல் 18ஆம் திகதி அமெரிக்காவில் போய் இறங்கினார். ஒரு களஞ்சியசாலையில் வேலை. 2015 தொடக்கத்தில் அவருடைய அப்பா கொட்டாஞ்சேனையில் காலமானார். செத்தவீட்டுக்கு வந்தவர் அந்தியேட்டி முடித்து, அம்மாவின் பென்ஷன் அலுவல்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப 41 நாள் ஆகிவிட்டது. அதே வருடம் ஒக்டோபரில் இராணுவத்தில் சேர்ந்தார். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர் அமெரிக்கப் படையில் சேரலாம். 2001 செப்டெம்பர் 11க்குப் பிந்திய காலம் முழுவதையும் அமெரிக்கச் சட்டம் போர்க்காலமாக எண்ணுவதால், படையில் சேர்ந்தவர் ஐந்து வருடம் காத்திருக்காமலே பிரஜையாகலாம். இவரும் அடிப்படைப் பயிற்சி முடிகிற கையோடு, 2016 தொடக்கத்தில், சத்தியப்பிரமாணம் செய்துகொண்டார். அந்த வருடக் கடைசியில் ஜேர்மனிக்கு மாற்றம். 2017 மே மாதம் லீவில் கொழும்புக்கு வந்து கலியாணம். மனைவி செப்டெம்பரில் ஜேர்மனிக்குப் போனார்.

அமெரிக்காவுக்கு வெளியே பிறக்கும் பிள்ளைக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை தாய் தகப்பனால்தான் வரும், பிறந்த கட்டிடத்தால் வராது. இருவரும் அமெரிக்கப் பிரஜைகள் என்றால் அலுவல் சுலபம்: பிள்ளை பிறக்குமுன் இருவரில் ஒருவர் எப்போதாவது அமெரிக்காவில் குடியிருந்திருந்தால் போதும். மணமுடித்த தம்பதியரில் ஒருவர் மட்டும் பிரஜை என்றால் சட்டம் நாட்களை எண்ணத் தொடங்குகிறது. பிரஜையாக உள்ளவர், பிள்ளை பிறக்கும் நாளுக்கு முன் மொத்தம் ஐந்து வருடம் அமெரிக்க மண்ணில் உடலோடு இருந்திருக்க வேண்டும். அதில் இரண்டு வருடமாவது 14 வயதுக்குப் பிறகு வரவேண்டும். மாணவர் விசாவோ, கிரீன் கார்ட்டோ, பிரஜையோ, எந்த நிலையில் இருந்தார் என்பது பொருட்டில்லை. ஆள் அங்கே இருந்தாரா என்பதுதான் கேள்வி.

படையினருக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. கௌரவமான படைச் சேவையில் வெளிநாட்டில் கழிந்த காலமும் அமெரிக்காவில் இருந்ததாகவே எண்ணப்படும். ஆகவே ஜேர்மனியில் கழிந்த மாதங்கள் தகப்பனுக்கு நட்டமில்லை. கலியாணத்துக்காகக் கொழும்பில் நின்ற லீவு நாட்களும் சேவைக் காலத்துக்குள் வருவதால் கணக்கில் சேரும். ஆனால் செத்தவீட்டுக்கு வந்த 41 நாள் சேராது. அப்போது அவர் படையில் இல்லை. ஒரே ஆள், ஒரே கட்டுநாயக்க விமான நிலையம். முதல் பயணம் கழிவில் போகிறது, இரண்டாவது வரவில் வருகிறது.

இனிக் கூட்டிப் பார்ப்போம். 2014 ஏப்ரல் 18இலிருந்து 2018 ஆகஸ்ட் 20 வரை நான்கு வருடமும் நான்கு மாதமும் சொச்சமும். 41 நாளைக் கழித்தால் நான்கு வருடமும் ஏறத்தாழ மூன்று மாதமும். ஐந்துக்கு ஒன்பது மாதம் குறைகிறது. பிள்ளை பிறந்த அன்று தகப்பன் அமெரிக்கப் பிரஜை, அமெரிக்கச் சீருடையில் இருந்தவர், அமெரிக்க அரசாங்கத்தின் ஆணைப்படி அங்கே நின்றவர். இருந்தும் தன் பிரஜாவுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் தகுதி அவருக்கு அன்றைக்கு வந்திருக்கவில்லை.

வீட்டில் யாரும் இதை யோசிக்கவில்லை. யோசிக்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. லான்ட்ஸ்டூல் நகரப் பதிவகம் ஜேர்மன் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தது. அந்தச் சான்றிதழ் பிறந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். ஜேர்மனியில் பிறந்தால் ஜேர்மன் ஆகிவிடலாம் என்று நம்மவர்கள் பலர் நினைப்பதுண்டு. அன்றைய ஜேர்மன் சட்டப்படி வெளிநாட்டுப் பெற்றோரில் ஒருவராவது எட்டு வருடம் அங்கே சட்டப்படி வாழ்ந்து, நிரந்தர வதிவிட உரிமையும் வைத்திருந்தால்தான் பிள்ளைக்குப் பிறப்பால் அந்த உரிமை வரும். 2024இல் அது ஐந்து வருடமாகக் குறைந்தது. நேட்டோ ஒப்பந்தத்தின் கீழ் வந்து நிற்கும் ஒரு படைவீரருக்கு இதில் எதுவுமே பொருந்தாது.

‘முகாம் அமெரிக்க மண்தானே?’

எல்லாரும் இதைக் கேட்பார்கள். படங்களில் பார்த்த பழக்கமோ என்னவோ, தூதரகமும் படைமுகாமும் அந்தந்த நாட்டு மண் என்ற நம்பிக்கை கொழும்பில் படித்தவர்களிடமும் பலமாக இருக்கிறது. காலி வீதியால் போகிறவர் அமெரிக்கத் தூதரக மதிலைக் காட்டி “இதுக்குள்ள போனா அமெரிக்கா” என்று பகிடி விடுவார். பகிடியாக இருக்கும்வரை சரி.

அமெரிக்க நீதிமன்றமே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. தாமஸ் எதிர் லிஞ்ச் என்ற வழக்கில் ஐந்தாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்புக் கொடுத்தது. அதில் மனுதாரர் 1986 ஆகஸ்டில் ஜேர்மனியில் ஓர் அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் பிறந்தவர். தகப்பன் ஜமேக்காவில் பிறந்து அமெரிக்கப் பிரஜையான படைவீரர், தாய் கென்யா நாட்டவர். பதினான்காவது திருத்தம் ‘ஐக்கிய அமெரிக்காவில் பிறந்த’ எல்லாரையும் பிரஜைகள் என்கிறது. முகாமும் அதற்குள் அடங்கும் என்பதுதான் மனுதாரரின் வாதம். அடங்காது என்றது நீதிமன்றம். மருத்துவமனை அமெரிக்க இராணுவத்துடையதாக இருக்கலாம், நிலம் ஜேர்மனியுடையது. தகப்பன் வழியாலும் அவருக்கு உரிமை வரவில்லை. 1986 நவம்பர் 14வரை இருந்த பழைய விதி ஐந்து வருடம் கேட்கவில்லை, பத்து வருடம் கேட்டது. விதி இளகியது அவர் பிறந்து மூன்று மாதம் கழித்து. பின்னால் குற்றத் தீர்ப்புகளைக் காரணம் காட்டி அவரை நாடுகடத்த வந்தபோது ஒரு நாட்டிலும் அவருக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடைசியில் ஜமேக்காவுக்கு அனுப்பினார்கள்; அதுவரை அவர் ஜமேக்காவைக் கண்டதே இல்லை.

நம் கோப்புக்கு இந்தத் தீர்ப்பை நான் முக்கியமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த மனிதர் வளர்ந்தது அமெரிக்காவில். தீர்ப்பு வரும்போது அவர் முப்பது வயதை நெருங்கிவிட்டார். சின்ன வயதில் ஒரு விண்ணப்பத்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம், 18 வயது தாண்டியதும் கதவை மூடிக்கொண்டது. நம் வெள்ளவத்தைப் பேரனுக்கோ, பிரச்சினை வெளியே வரும்போது வயது ஒன்றுகூட ஆகவில்லை. அந்த அளவில் அவன் அதிர்ஷ்டக்காரன்.

கடிதம் வந்த ஆடி மாதம்

முதல் வருடத்துக்குள் பேரனை முன்னேஸ்வரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் முடி இறக்குவதாக அம்மம்மா நேர்த்தி வைத்திருந்தார். அதனால்தான் கடவுச்சீட்டு என்ற பேச்சே வீட்டில் எழுந்தது. 2019 ஏப்ரலில் தகப்பன் அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் பிள்ளைக்கு வெளிநாட்டுப் பிறப்பு அறிக்கை கேட்டு விண்ணப்பித்தார். பிறக்கும்போதே அமெரிக்கப் பிரஜையாக இருந்த பிள்ளைக்குத்தான் அந்த அறிக்கை கிடைக்கும். பழைய கடவுச்சீட்டு முத்திரைகள், சேவைப் பதிவு, களஞ்சியசாலைச் சம்பளச் சிட்டை எல்லாம் கேட்டார்கள். ஜூலையில் மறுப்புக் கடிதம் வந்தது. கடிதத்தில் பிழை ஒன்றும் இல்லை. கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

கடிதம் சொல்லாத ஒன்று இருந்தது. அதைச் சொல்வது அவர்கள் வேலையும் இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பதிய இலங்கைச் சட்டம் கொடுத்த ஒரு வருடத் தவணை முடிய அப்போது ஒரு மாதம்தான் மிச்சம். ஆகஸ்ட் 20 வந்தது, போனது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 28இல் அமெரிக்கக் குடிவரவுச் சேவை ஒரு கொள்கை அறிவிப்பு வெளியிட்டது. வெளிநாட்டில் பணிபுரியும் அரசாங்க ஊழியர்கள், படையினர் ஆகியோரின் பிள்ளைகளை இனிமேல், பிரஜாவுரிமை தானாக வந்துசேரும் ஒரு குறிப்பிட்ட பிரிவின் தேவைக்கு, அமெரிக்காவில் வசிப்பவர்களாக எண்ணமாட்டோம் என்றது. அமுலுக்கு வரும் திகதி ஒக்டோபர் 29. பிறக்கும்போதே பிரஜையாக இருந்த எவரையும் இது தொடாது என்று அந்தச் சேவை விளக்கமும் கொடுத்தது. ஆனால் வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது வேறு: அமெரிக்கப் படையினரின் பிள்ளைகளுக்கு இனிக் குடியுரிமை இல்லை.

அந்தக் கைபேசியோடுதான் அம்மம்மா செப்டெம்பர் முதல் வாரத்தில் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் போனார்.

“தம்பி, பேரனுக்கு அமெரிக்கா இல்லையாம். ட்ரம்ப் எடுத்துப் போட்டாராம்.”

“அம்மா, அவர் எடுக்க அதில ஒண்டும் இருக்கேல்ல. பிள்ளை பிறந்த நாளிலேயே இல்லை. அதை விடுங்கோ, பிள்ளையை இலங்கையில பதிஞ்சாச்சா?”

“அவன் ஏன் இலங்கையில? தகப்பன் அமெரிக்கன் எல்லோ!”

அம்மம்மாவின் கேள்வி நியாயமானது. அந்த நாட்களில் கொழும்பு முழுக்க இதே பேச்சுத்தான். ஜனாதிபதி வேட்பாளர் கோட்டாபய ராஜபக்ஷ அமெரிக்கப் பிரஜாவுரிமையைத் துறந்தது சரியா, அவருடைய இலங்கைப் பிரஜாவுரிமை செல்லுமா என்று வழக்குப் போட்டிருந்தார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒக்டோபர் 4ஆம் திகதி மனுவைத் தள்ளுபடி செய்தது. பஸ்ஸிலும் சலூனிலும் எல்லாரும் இரட்டைப் பிரஜாவுரிமை நிபுணராகியிருந்த காலம். ஒரு வயதுப் பிள்ளைக்கு ஒற்றைப் பிரஜாவுரிமையே இல்லாமல் இருக்கலாம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

தாய் வழி

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவுதான் இந்தக் கோப்பின் இலங்கைப் பகுதி. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு வம்சாவழியால் பிரஜாவுரிமை உண்டு. பெற்றோரில் ஒருவர் அன்றைக்கு இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும், பிறந்து ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஒரு வருடம் கடந்தால், தகுந்த காரணத்துக்காக அமைச்சர் கொடுக்கும் மேலதிக காலத்துக்குள் பதியலாம்.

இந்தச் சட்டத்தில் ‘பெற்றோரில் ஒருவர்’ என்ற நிலை பிறகு வந்தது. முதலில் ‘தகப்பன்’ என்றுதான் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் வந்த பிறகே தாயாலும் பிள்ளைக்கு உரிமை கொடுக்க முடிந்தது. நம் கோப்பில் அந்தத் திருத்தம் இல்லையென்றால் பிள்ளை நேரே நடுத்தெருவில் நின்றிருக்கும். ஏனென்றால் தகப்பன் அப்போது இலங்கைப் பிரஜை இல்லை. வேறு நாட்டுப் பிரஜாவுரிமையைத் தானாக விரும்பிப் பெறுகிறவர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார். 1987இல் கொண்டுவந்த இரட்டைப் பிரஜாவுரிமை ஏற்பாட்டின் கீழ் விண்ணப்பித்துப் பெற்றால் தவிர, மிஞ்சுவது பழைய அடையாள அட்டை மட்டும்தான். தகப்பன் அப்படி விண்ணப்பித்திருக்கவில்லை. 2016இல் அமெரிக்கக் கொடிக்கு முன்னால் கை உயர்த்திய அன்றே இந்தப் பக்கம் முடிந்துவிட்டது.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. படிவத்தில் தகப்பனின் பிரஜாவுரிமை என்ற இடத்தில் “இலங்கை” என்று எழுதத்தான் கை போகும். அடையாள அட்டை மேசையில் கிடக்கிறது, பிறந்தது கொட்டாஞ்சேனை, வேறென்ன எழுதுவது? அப்படி எழுதினால் பொய்ப் பிரகடனம். அதுவும் தேவையே இல்லாத பொய். தாயின் பெயரில் கோப்பு முழுதாக நிற்கும்போது தகப்பனைத் தூக்கி நிறுத்தப் போய் அதையும் சாய்ப்பானேன்? சட்டத்தரணி தகப்பனை ஜேர்மனியிலிருந்து தொலைபேசியில் எடுத்து, “அமெரிக்கா, 2016 முதல்” என்று எழுதச் சொன்னார்.

இலங்கைச் சட்டத்தில் படையினரின் பிள்ளைகளுக்கு என்று தனிப்பிரிவு கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தூதரகத்தில் பாதுகாப்பு ஆலோசகராகப் போகிற இலங்கை இராணுவ அதிகாரியின் பிள்ளையும், கட்டாரில் வேலை பார்க்கிறவரின் பிள்ளையும் ஒரே 5(2)இல்தான் வரவேண்டும். சீருடைக்குக் கழிவு இல்லை.

பெயர் என்ற பெரும்பாடு

ஆவணப் பட்டியல் எளிமையானது: பிள்ளையின் ஜேர்மன் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணச் சான்றிதழ், இருவரின் கடவுச்சீட்டுகள், பிள்ளை பிறந்த நேரம் அவர்கள் அங்கே எந்த வதிவிட நிலையில் இருந்தார்கள் என்பதற்கு அத்தாட்சி. அம்மம்மா திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் மகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை எடுத்தார். அதுவரை சுகம்.

பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. தாயின் பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் தமிழில், தகப்பன் பெயர் தனிக் கூட்டில். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு. கலியாணச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக் கூட்டு வேறு. ஓர் ‘எச்’ கூடிவிட்டது. தகப்பனுடைய அமெரிக்க ஆவணங்களில் அவருடைய அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறியிருந்தது. ஜேர்மன் பதிவகம் குடும்பப் பெயர் இல்லாமல் பிள்ளையைப் பதியாது. ஆகவே பேரனுக்கு அவன் அப்பப்பாவின் பெயர் குடும்பப் பெயராயிற்று. தாயின் கடவுச்சீட்டில் உள்ள ‘குடும்பப் பெயர்’ அவர் அப்பாவுடையது. காகிதத்தை மட்டும் பார்க்கிற ஒரு அதிகாரிக்கு, தாயும் பிள்ளையும் தகப்பனும் மூன்று வேறு வீட்டு ஆட்கள்.

நம்மிடையே இது சாதாரணம். சிங்கள வீடுகளில் ‘கெதர’ என்ற வீட்டுப் பெயர் தலைமுறைக்கும் கூடவே வருகிறது; தமிழ் வீட்டில் ஒவ்வொரு தலைமுறையும் முதலெழுத்தை மாற்றுகிறது. உள்ளூரில் எல்லாருக்கும் புரியும். லான்ட்ஸ்டூலில் புரியாது. குடிவரவுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லையில் புரிந்தாலும் கோப்பில் எழுத்தில் இருக்க வேண்டும் என்பார்கள், அது சரியும்கூட. அம்மம்மா ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தார்: இந்த மூன்று எழுத்துக் கூட்டுகளிலும் குறிப்பிடப்படுபவர் என் மகளே. தாய் ஜேர்மனியில் இன்னொன்று முடித்தார். தாமதத்துக்குக் காரணம் சொல்லும் கடிதம் தனியாகப் போனது. அதில் சோகக்கதை எழுதாமல் திகதிகளை வரிசையாக வைத்ததுதான் நல்ல வேலை என்பேன்: பிறந்த நாள், அமெரிக்க விண்ணப்பம் போட்ட நாள், மறுப்பு வந்த நாள், இலங்கை விதி தெரியவந்த நாள். மறுப்புக் கடிதத்தின் பிரதியும் கூட. பிள்ளை வேறு நாட்டுப் பிரஜை என்று நேர்மையாக நம்பித்தான் பதியாமல் விட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

விண்ணப்பம் பிராங்பேர்ட்டில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகம் வழியாக, பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு வந்தது. சில மாதம் எடுத்தது. அனுமதி கிடைத்தது. தாமதக் கட்டணம் கட்டிப் பதிந்தார்கள். பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு நாடு.

அமெரிக்கா, இரண்டாம் முறை

இதற்கிடையில் தகப்பனின் கணக்கு நிரம்பியிருந்தது. 41 நாளையும் ஈடுசெய்தால் 2019 மே மாதக் கடைசியில் ஐந்து வருடம் முழுசாகிறது. மறுப்புக் கடிதம் வந்த ஜூலையில் அவர் தகுதியானவர். பிள்ளை பிறந்த ஆகஸ்டில் தகுதியில்லாதவர். வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்டு வாங்கும் வழி ஒன்று அமெரிக்கக் குடிவரவு, பிரஜாவுரிமைச் சட்டத்தின் 322ஆம் பிரிவில் உண்டு. அதிலும் ஐந்து வருடம், இரண்டு வருடம் என்ற அதே அளவுகோல்தான். ஆனால் பிறந்த நாளில் வைத்து அளப்பதில்லை, விண்ணப்பத்தைப் பார்க்கும்போது அளக்கிறார்கள். பிள்ளைக்கு 18 ஆகுமுன் எல்லாம் முடிய வேண்டும். பெற்றோருக்கு ஐந்து வருடம் போதாவிட்டால் அமெரிக்கப் பிரஜையான தாத்தா அல்லது பாட்டியின் காலத்தைக் காட்டலாம். நம் பேரனுக்கு அப்படி யாரும் இல்லை, தேவையும் வரவில்லை.

சாதாரணமாக இந்த வழியில் போகும் பிள்ளை நேர்முகத்துக்கும் சத்தியப்பிரமாணத்துக்கும் அமெரிக்காவுக்குள் சட்டப்படி நுழைந்து நிற்க வேண்டும். கடவுச்சீட்டே இல்லாத பிள்ளை எப்படி நுழையும்? 2008 ஜனவரியில் வந்த திருத்தம் படையினரின் பிள்ளைகளை இதிலிருந்து விலக்கியது. பணி ஆணையில் பிள்ளையின் பெயர் இருந்து, பெற்றோரோடு அங்கேயே வசித்தால், எல்லாவற்றையும் வெளிநாட்டிலேயே முடிக்கலாம். ஆகவே இந்தக் கோப்பில் விலை உயர்ந்த தாள் பிறப்புச் சான்றிதழ் இல்லை, தகப்பனின் மாற்ற ஆணைதான். பிள்ளை பிறந்ததும் அதில் பெயரைச் சேர்க்க முகாம் அலுவலகத்தில் அலைந்தது தாய். அப்போது அது மருத்துவக் காப்புறுதிக்காகச் செய்த வேலை.

என்-600கே என்ற அந்த விண்ணப்பம் 2019 கடைசியில் போனது. 2020 மார்ச்சில் உலகமே பூட்டிக்கொண்டது. கொழும்பில் ஊரடங்கு, கட்டுநாயக்கவில் வருகை விமானம் இல்லை, அமெரிக்கக் குடிவரவு அலுவலகங்களிலும் நேர்முகம் இல்லை. அதே மார்ச் 26ஆம் திகதி அமெரிக்காவில் ஒரு புதிய சட்டம் கையெழுத்தானது. முந்திய வருட ஆகஸ்டில் வந்த கொள்கையை அது திருத்தி, வெளிநாட்டில் பணியாற்றும் படையினர், அரசாங்க ஊழியர்களின் பிள்ளைகளுக்குத் தானாக வரும் பிரஜாவுரிமையை மீட்டுக் கொடுத்தது. அம்மம்மாவுக்கு அந்தச் செய்தியும் வட்ஸ்அப்பில் வந்தது. இம்முறை நல்ல செய்தியாக. அதுவும் பேரனைத் தொடவில்லை. தானாக வரும் அந்த வழி கிரீன் கார்ட் கிடைத்த பிள்ளைகளுக்கானது. அவனிடம் அது இல்லை. 2019இல் பயந்ததும் வீண், 2020இல் மகிழ்ந்ததும் வீண். அவன் அலுவல் வேறு கதவில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

வருடக் கடைசியில் நேர்முகம் நடந்தது. சத்தியப்பிரமாணம் விளங்காத வயது என்பதால் அது விலக்களிக்கப்பட்டது. சான்றிதழ் கையில் வந்தது.

தங்கச்சி

2020 ஒக்டோபரில் அதே மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை. அதே டொக்டர்கள், அதே கொடி. ஆனால் இப்போது தகப்பனின் கணக்கில் ஆறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அவள் முதல் மூச்சிலேயே அமெரிக்கப் பிரஜை. மறுப்புக் கடிதமில்லை, நேர்முகமில்லை. பிறப்பு அறிக்கை ஒரு சில வாரத்தில். இலங்கையிலும் தாய் வழியில் தவணைக்குள் பதிந்துவிட்டார்கள்.

அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் அமெரிக்காவில் நடைமுறை வேறுபாடு ஏறக்குறைய இல்லை. ஜனாதிபதியாக ஆசைப்பட்டால்தான் அண்ணனுக்குத் தடங்கல். அதற்குப் ‘பிறப்பால் பிரஜை’ என்ற தகுதி வேண்டும். பனாமா கால்வாய் வலயத்தில் கடற்படைத் தளத்தில் 1936இல் பிறந்த ஜோன் மக்கெய்ன் போட்டியிட்டபோதும் இந்தக் கேள்வி எழுந்து, 2008 ஏப்ரலில் செனட் சபை அவர் தகுதியானவர்தான் என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. அவர் பெற்றோர் இருவரும் அமெரிக்கப் பிரஜைகள், தகப்பன் கடற்படை அதிகாரி. அப்படிப்பட்டவருக்கே சந்தேகம்!

உண்மையான வேறுபாடு இலங்கைப் பக்கத்தில்தான். தன் விருப்பமின்றிச் சட்டத்தின் செயற்பாட்டால் இன்னொரு நாட்டுப் பிரஜையாக இருக்கும் ஒருவருக்கு இலங்கைச் சட்டம் 22 வயது வரை தவணை கொடுக்கிறது. அதற்குள் மற்றதைத் துறக்காவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும்; வைத்திருக்க வேண்டுமென்றால் இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்க வேண்டும். தங்கச்சி சந்தேகமில்லாமல் இந்த வகை. அண்ணனுடையது விண்ணப்பத்தால் வந்தது. விரும்பிப் பெற்றால் உடனே இழப்பு என்ற விதி அவனுக்குப் பொருந்தாது, இரண்டு வயதுப் பிள்ளை எதையும் ‘தானாக விரும்பி’ப் பெறுவதில்லை என்பது என் நிலைப்பாடு. வாதாடி வெல்லக்கூடிய நிலைப்பாடு என்றும் நினைக்கிறேன். ஆனால் வாதாட வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தி வைப்பதைவிட, இரட்டைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தைப் பெற்றோர் முன்கூட்டியே போட்டுவிடுவது மலிவு.

பிரித்தானியாவில் என்றால்

கொழும்பிலிருந்து பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்தவர்களின் வீடுகளிலிருந்தும் இதே கேள்வி வருகிறது. கொமன்வெல்த் நாட்டவர் அங்கே பிரஜையாகாமலே படையில் இருக்கலாம் என்பதால் விடை கொஞ்சம் வேறு. 2010 ஜனவரி 13க்குப் பிறகு, பிரித்தானியப் பிரஜையல்லாத படைவீரர் ஒருவர் வெளிநாட்டில் பணியிலிருக்கும்போது அங்கே பிறக்கும் பிள்ளையைப் பிரித்தானியப் பிரஜையாகப் பதிந்துகொள்ளும் உரிமை உண்டு. பதிய வேண்டும், தானாக வராது. படைவீரர் ஏற்கெனவே பிரித்தானியப் பிரஜையாகி, பிரித்தானியாவில் வைத்துச் சேர்க்கப்பட்டவர் என்றால் இன்னும் நல்லது. முடியரசின் சேவையில் வெளிநாட்டில் இருப்பவரின் பிள்ளை, பிரித்தானியாவில் பிறந்த பிள்ளைக்குள்ள அதே தரத்தைப் பெறுகிறது. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு வெளிநாட்டில் ஒரு பிள்ளை பிறந்தாலும் உரிமை இறங்கும். அமெரிக்கா படைச் சேவையை நாட்களாக எண்ணுகிறது. பிரித்தானியா அதைத் தரமாக எண்ணுகிறது. குடும்பத்தின் நிம்மதிக்கு இரண்டாவது நல்லது என்று எனக்குப் படுகிறது.

கோப்பு இன்றைக்கு நிற்கும் இடம்: பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு நாட்டுச் சான்றுகளும் உண்டு. அண்ணனுடைய 22ஆம் பிறந்தநாள் 2040 ஆகஸ்ட் 20. தகப்பன் மட்டும் இன்னும் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. பிறந்த ஊரான கொழும்புக்கு அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் விசா எடுத்துத்தான் வருகிறார்.